நிஷ் மார்க்கெட் என்றால் என்ன? ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து ஒரு விளக்கம்

ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியவர் காதில் முதல் வாரத்திலேயே விழுகிற சொல் 'நிஷ்'. "உங்க நிஷ் என்ன?" என்று யூடியூபில் கேட்பார்கள். "லாபம் தர்ற நிஷ் ஒண்ணு சொல்லுங்க" என்று நாமும் பதிலுக்குக் கேட்போம், காய்கறிக் கடையில் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கித் தரச் சொல்வதுபோல. யாரும் விற்காத பொருள் என்று ஒருவர் புரிந்துகொள்வார். இப்போது ஓடுகிற பொருள் என்பார் இன்னொருவர். சின்ன அளவில் செய்யும் தொழில் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தக் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இதை நம்பிச் சரக்கு வாங்கிப் போட்டு, வீட்டில் ஓர் அறையை அட்டைப் பெட்டிகளுக்குத் தாரைவார்த்தவர்கள் நிறைய.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. சுவரில் சிலை வைப்பதற்காக விடும் குழிவுக்கு அந்தப் பெயர். நம் பழைய வீடுகளில் அகல் வைக்க மாடக்குழி இருக்குமே, அதேதான். அதில் பீரோவை வைக்க முடியாது. அகலுக்கு அளவான இடம் அது, காற்றும் அவ்வளவாகப் படாது. சந்தையில் அப்படி அளவாக அமைந்த ஓர் இடத்தைத்தான் நிஷ் மார்க்கெட் என்கிறார்கள். 'மாடச் சந்தை' என்று மொழிபெயர்க்க எனக்கு ஆசைதான், ஆனால் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் நிஷ் என்றே எழுதுகிறேன்.

## ஆஸ்பத்திரி வாசல் கடை

ஏதாவது ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே போய் நின்று பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் வாளி, பாய், துண்டு, நைட்டி, சோப்பு, பிரெட், பிறந்த குழந்தையைச் சுற்ற வெள்ளைத் துணி. இதில் எதுவுமே அபூர்வமான பொருள் இல்லை. பிளாஸ்க் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும், துண்டு எந்த ஜவுளிக் கடையிலும் கிடைக்கும்.

ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு வெளியே வந்து நிற்கிறவருக்கு நாலு கடை ஏறி இறங்கத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. என்னென்ன வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். "ஆபரேஷனா, பிரசவமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதற்கேற்ப எடுத்து வைப்பார். அந்தக் கேள்வியை எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் நம்மிடம் யாரும் கேட்பதில்லை. பத்து இருபது ரூபாய் கூட ஆனாலும் வாங்குகிறவர் முணுமுணுப்பதில்லை.

நிஷ் என்பது இதுதான். குறிப்பிட்ட ஒரு நிலைமையில் இருக்கிற மனிதர்கள். அவர்களுக்கு ஒரு தேவை. அந்தத் தேவையைப் பொதுக் கடைகள் அரைகுறையாகத்தான் தீர்க்கின்றன. பொருள் இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. 'பிளாஸ்க்' ஒரு நிஷ் கிடையாது, 'ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகத் தங்குகிறவர்' என்பது நிஷ்.

## ஆன்லைன் எதை மாற்றியது

வாசல் கடைக்கு ஒரு வசதி இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் தாமாகவே ஒரே வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரே தேவை உள்ளவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தால் என்ன செய்வது?

இடது கைப் பழக்கம் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். சுமார் பத்துப் பேரில் ஒருவர் அப்படி. சாதாரணக் கத்தரிக்கோல் அவர்களுக்குச் சரிப்பட்டு வராது. கைப்பிடி மட்டும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். வலது கையால் வெட்டும்போது விரல்கள் கொடுக்கும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தம் எதிர்த்திசையில் போய் அலகுகளை விலக்கிவிடும். துணி வெட்டுப்படாமல் இடையில் மடிந்து மாட்டிக்கொள்ளும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். ஆகவே இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோலில் அலகுகளே இடம் மாறி இருக்க வேண்டும். தையல் கற்றுக்கொள்ளும் இடது கைப் பெண்ணிடம் "ஏம்மா துணியைக் கடிச்சு வெச்சிருக்க?" என்று டீச்சர் திட்டினால், தப்பு கத்தரிக்கோலுடையது.

இப்போது ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் இதற்கென்று கடை போடுவோம். இடது கைக்காரர்கள் சுமார் பத்தாயிரம் பேர். அவர்களில் இருபதில் ஒருவர்தான் இதற்கென மெனக்கெட்டு வாங்குவார் என்று வைத்தால் ஐநூறு பேர். கத்தரிக்கோல் ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு நூறு. வாரத்துக்கு இரண்டு விற்றால் கடை வாடகைக்குக் கூடக் காணாது.

தேவை உண்மையானது, ஆட்களும் இருக்கிறார்கள், இருந்தும் கடை நடக்காது. லண்டனின் சோஹோ பகுதியில் 1968-இல் 'எனிதிங் லெஃப்ட் ஹேண்டட்' என்று இடது கைக்காரர்களுக்காகவே ஒரு கடை திறந்தார்கள். அவ்வளவு பெரிய நகரம் என்பதால் அது சாத்தியமானது. பிறகு தபால் வழி விற்பனை, அதற்குப் பிறகு இணையம் என்று அந்த வியாபாரம் நகர்ந்தது. இணையம் செய்த உதவி இவ்வளவுதான்: ஆயிரம் ஊர்களில் ஊருக்கு இரண்டு பேராக இருப்பவர்களை ஒரே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களுக்கு இல்லாத ஆசையை அது உண்டாக்கித் தருவதில்லை.

இதுவரை பார்த்தது: நிஷ் என்பது ஆட்களும் அவர்களுடைய தீராத தேவையும். சிதறிக் கிடக்கும் அந்த ஆட்களை ஆன்லைன் ஒன்றுசேர்க்கிறது. லாபம் என்ற பேச்சுக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

## எங்கே தடுக்கி விழுகிறோம்

"இதை யாருமே விக்கல, நான்தான் முதல்" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். யாருமே விற்கவில்லை என்றால் பெரும்பாலும் யாருமே வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். நமக்கு முன்னால் நாலு பேர் முயன்று பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் போயிருப்பார்கள். போட்டியாளர்கள் இருப்பது நல்ல அறிகுறி, அங்கே பணம் புழங்குகிறது. அவர்கள் எதைச் சரியாகச் செய்யவில்லை என்பதில்தான் நமக்கு இடம் இருக்கிறது.

டிரெண்ட் இன்னொரு பள்ளம். 2017-இன் முதல் பாதியில் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்று ஒரு சுழலும் பொம்மை உலகம் முழுக்கப் பறந்தது. பெட்டிக் கடைகளில் கூடத் தொங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் அலை அடங்கிவிட்டது. அலை உச்சியில் இருக்கும்போது ஆர்டர் போட்டவருக்குச் சரக்கு வந்து சேரும்போது பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். டிரெண்டில் இருப்பவர்கள் ஒரு கூட்டமே இல்லை, ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

செக்கு எண்ணெய் இதிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரி. அதில் தேவை நிஜம், இன்றும் இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி ஒரே பாட்டிலை விற்கிறார்கள். புதிதாக வருகிறவர் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்கிறார். 'பாரம்பரிய உணவு விரும்புகிறவர்கள்' என்பது மாடக்குழி இல்லை, முழுச் சுவர். அதற்குள் இன்னும் குறுக வேண்டும்.

## குறுகுவது எப்படி: பரதநாட்டிய வகுப்பு

நான் ஓர் உதாரணத்தை எடுத்துக் கடைசி வரை கொண்டுபோகிறேன். 'சேலை விற்பது' நிஷ் கிடையாது. வாட்ஸ்ஆப் குரூப்பில் சேலை விற்காத தெருவே இல்லை. 'காட்டன் சேலை' கொஞ்சம் பரவாயில்லை. 'பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்கான பயிற்சிச் சேலை' என்றால் விஷயம் சட்டென்று தெளிவாகிறது.

ஏன்? இந்தச் சேலை சாதாரணச் சேலையைவிடச் சின்னது, நீளத்திலும் அகலத்திலும். உள்ளே பைஜாமா போட்டு மேலே கட்டுவார்கள். வியர்வை உறிஞ்ச வேண்டும், அடிக்கடி துவைத்தாலும் சாயம் போகக் கூடாது. சில வகுப்புகளில் டீச்சர் சொல்லும் நிறத்தில்தான் வாங்க வேண்டும். வாங்குவது அம்மா, உடுத்துவது மகள், தீர்மானிப்பது டீச்சர். ஏழு வயதில் வாங்கியது பத்து வயதில் போதாது, ஆகவே திரும்ப வருவார்கள். சேலையோடு நிற்காது: சலங்கை, பயிற்சியில் தாளம் தட்டத் தட்டுக்கழி, பிறகு நகை, கடைசியில் அரங்கேற்றம். நடனத்துக்கான கோயில் நகைகளுக்கு நாகர்கோவிலில் இருக்கும் வடசேரி பெயர் பெற்ற இடம். விஜயதசமி அன்று புதிதாகச் சேரும் பிள்ளைகளால் ஒரு கூட்டம் வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிக் கோடை விடுமுறையை ஒட்டி அரங்கேற்றங்கள் நிறைய நடக்கும், அது இன்னொரு பருவம்.

கவனியுங்கள், குறுகக் குறுக விற்பதற்கான பொருட்களின் பட்டியல் சுருங்கவில்லை, நீண்டுகொண்டு போகிறது. ஆட்களைத் தெரிந்துகொண்டால் அவர்களுக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்பதும் தெரிந்துவிடுகிறது. வாசல் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இங்கே என்ன சமம்? "பிள்ளைக்கு என்ன வயசு, எத்தனை வருஷமா ஆடுது?"

## தேவை இருக்கிறதா என்று பார்ப்பது

உறவினர்களிடம் கேட்காதீர்கள். "நல்லா இருக்கு, பண்ணு" என்று சித்தி சொல்வது பாசம், ஆர்டர் இல்லை.

காசு செலவில்லாத முதல் இடம் கூகுள் தேடல் பெட்டி. பாதிச் சொல்லை அடித்துவிட்டு நிறுத்தினால், மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை அதுவே கீழே பட்டியல் போடும். தமிழ்ப் பொருட்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கருப்பட்டியை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது சிலர் ஒரு 'பி' போடுவார்கள், சிலர் இரண்டு. சிலர் பாம் ஜாகரி என்று தேடுவார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்காமல் "தேடவே ஆள் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது கூகுள் டிரெண்ட்ஸ். ஒரு சொல்லை எந்தக் காலத்தில், எந்த ஊரில் அதிகம் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் இலவசக் கருவி. இதைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகம். அதில் வரும் 100 என்ற எண், நூறு பேர் தேடினார்கள் என்று சொல்வதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் அந்தச் சொல்லுக்கு இருந்த உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. லட்சம் பேர் தேடும் சொல்லுக்கும் உச்சம் 100, ஐநூறு பேர் தேடும் சொல்லுக்கும் உச்சம் 100. ஆகவே இதில் எண்ணிக்கையைத் தேடக் கூடாது, கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கொலு பொம்மை என்று பார்த்தால் வருடத்துக்கு ஒரு முறை நவராத்திரிக்கு முன் மலை போல ஏறி, பிறகு தரையோடு தரையாகக் கிடக்கும். மீதி மாதங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அந்தக் கோடே நம்மைக் கேட்கும்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் கூகுளின் விளம்பரக் கணக்கில் கீவேர்டு பிளானர் என்று ஒன்று இருக்கிறது. மாதத்துக்குச் சுமார் எத்தனை தேடல் என்று அது சொல்லும்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம் விட உபயோகமான இடம் அமேசான், ஃப்ளிப்கார்ட்டில் இருக்கும் இரண்டு நட்சத்திர, மூன்று நட்சத்திர விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் சந்தோஷமாக இருக்கிறார், அவரிடம் நமக்கு வேலை இல்லை. ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் கூரியர் மேல் இருக்கும் கோபம். நடுவில் இருப்பவர்தான் "துணி நல்லா இருக்கு, ஆனா நீளம் பத்தலை" என்று எழுதுகிறார். அவருக்குத் தேவை இருந்தது, காசும் கொடுத்தார், கிடைத்தது குறையோடு இருந்தது. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது விமர்சனங்களில் பதினைந்து பேர் ஒரே குறையைச் சொன்னால், ஒரு கதவு திறந்திருக்கிறது.

## லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது

இனி கணக்கு. பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே "ஆல் த பெஸ்ட்" சொல்லி முடிந்துவிடும்.

ஒரு பயிற்சிச் சேலையை 1,100 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை, வரியைச் சேர்க்கவில்லை. கொள்முதல் 550. "பாதிக்குப் பாதி லாபம்" என்று மனசு துள்ளும். சரி, கழித்துக்கொண்டே வருவோம்.

பெட்டி, கவர், ஒட்டும் டேப் 30. கூரியர் 90. பணம் வாங்கித் தரும் கட்டணம் 25. இனி வருகிற இரண்டும்தான் ஆளை விழுங்குபவை.

முதலாவது, விற்பவர்கள் 'ஆர்டிஓ' (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்று சொல்வது. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டவர் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால், அது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். போன செலவு 90, வந்த செலவு 90, இரண்டும் நம் தலையில். பத்து பார்சலில் இரண்டு திரும்பினால் 360 ரூபாய். அதை விற்ற எட்டுச் சேலை மேல் ஏற்றினால் ஒன்றுக்கு 45.

இரண்டாவது, வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு. ஒரு புது ஆளை வாங்க வைக்க விளம்பரத்துக்கு ஆகும் தொகை. இன்ஸ்டாகிராமில் 2,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டுப் பத்து ஆர்டர் வந்து, எட்டு நிலைத்தால் ஆளுக்கு 250.

கூட்டுங்கள். 550, 30, 90, 25, 45, 250. மொத்தம் 990. மிச்சம் 110 ரூபாய். விற்ற விலையில் நம் கையில் கடைசியாக நிற்கும் இந்தப் பங்குக்கு நிகர மார்ஜின் என்று பெயர், இங்கே பத்து சதவீதம். பாதிக்குப் பாதி என்று நினைத்தது பத்தில் ஒன்றாகிவிட்டது. நம் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவில்லை.

அதே அம்மா மூன்று மாதம் கழித்து வாட்ஸ்ஆப்பில் "இன்னொரு கலர் இருக்கா?" என்று கேட்டு, ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு வாங்கினால்? விளம்பரச் செலவு இல்லை, ஆர்டிஓ இல்லை. 110 ரூபாய் 405 ஆகிறது. டீச்சரே தன் வகுப்புக்கு இருபது சேலை சேர்த்து வாங்கினால் இன்னும் மேலே. ஒரே பொருள், ஒரே விலை. திரும்பி வருவதற்குக் காரணமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு ஓர் இடமும் உள்ள கூட்டமாக இருப்பதால்தான் இந்த வித்தியாசம். நடன வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் பேசிக்கொள்வார்கள். கத்தரிக்கோல் வாங்கிய இடது கைக்காரர்கள் எங்கேயும் சந்தித்துக்கொள்வதில்லை.

கூரியரில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லாமல் போனால் பாவம். எடையை மட்டும் பார்த்துக் காசு வாங்க மாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். வருவது அந்தப் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை, வால்யூமெட்ரிக் வெயிட். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். காகிதக் கூழ் கொலு பொம்மை ஒரு கிலோதானே என்று நினைப்போம். உடையாமல் போக 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 24,000 வகுத்தல் 5,000, அதாவது 4.8 கிலோவுக்குக் கட்ட வேண்டும். மடித்தால் கைக்குள் அடங்கும் சேலைக்கு இந்தத் தொல்லை இல்லை. சின்னது, உடையாதது, கெடாதது என்ற மூன்றும் முதல் முறை விற்பவருக்குப் பெரிய வரம்.

சுருக்கமாக: கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உள்ள இடைவெளியை வைத்து லாபத்தைக் கணிக்க முடியாது. திரும்பி வரும் பார்சல், புது ஆளைப் பிடிக்கும் செலவு, பெட்டியின் அளவு, திரும்பி வரும் வாடிக்கையாளர் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் லாபம் உண்டா என்று தெரியும்.

## சரக்கு வாங்கும் முன்

1999-இல் நிக் ஸ்வின்மர்ன் என்ற அமெரிக்கர் இணையத்தில் செருப்பு, ஷூ விற்கலாம் என்று நினைத்தார். போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. அவர் கிடங்கு எடுக்கவில்லை. உள்ளூர்க் கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் போய் வாங்கி அனுப்பினார். அதில் லாபம் கிடையாது. ஆனால் ஜனங்கள் வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்த வியாபாரம்தான் ஜாப்போஸ். 2009-இல் அதை அமேசான் வாங்கியது.

நமக்கும் அதே வழிதான். ஐந்து சேலை மாதிரிக்கு வாங்குங்கள், ஐநூறு வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்ஆப் பிசினஸ் கேட்டலாகில் விலையோடு போடுங்கள். இரண்டு நடன ஆசிரியைகளிடம் நேரில் காட்டுங்கள். சின்னத் தொகைக்கு விளம்பரம் போட்டு, முன்பணம் கட்டி ஆர்டர் செய்கிறவர்களை மட்டும் எண்ணுங்கள். லைக், "சூப்பர்", "விலை சொல்லுங்க" எதுவும் கணக்கில் வராது. மேலே போட்ட கணக்கில் என் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போடுங்கள். மிச்சம் மைனஸில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நஷ்டம் ஐந்து சேலையோடு போயிற்று, வீட்டுப் பெண்கள் உடுத்திக்கொள்வார்கள்.

காகித வேலைகள் பற்றி ஒரு வரி. உணவுப் பொருள் என்றால் வீட்டு அடுப்பில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தொடங்கும் முன் ஜிஎஸ்டி பற்றி ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் ஆர்டர்கள் வரும்போது கூடவே வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "ஒன்பது வயசுக்கு எந்தச் சைஸ்?" "பைஜாமாவும் சேர்த்துத் தருவீங்களா?" "எங்க மிஸ் பச்சையில சிவப்பு பார்டர்தான் வேணும்னு சொல்றாங்க." மூன்றாவது அம்மாவும் பைஜாமா கேட்டால், அடுத்த முறை திருப்பூர் பக்கம் போகும்போது எதற்கு விலை விசாரிக்க வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.